மச்சானின் வண்டி

சாவியைத் திருப்பினார். “டிக்” என்றது. மறுபடி திருப்பினார். மறுபடியும் “டிக்”. இதற்கு மேல் என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதே என்பதுபோல் நின்றது வண்டி.

நூலகர் ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். வாரம் முழுக்கப் புத்தகங்களையும் பாத்திரங்களையும் பெட்டிகளில் கட்டியதில் அவருடைய இடுப்பு அவரிடம் கோபித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதற்காக ஒரு வேன் கூடப் பேசி வைத்திருந்தார்.

“எங்க அண்ணன்கிட்ட பிக்கப் இருக்கும்போது வெளியில எதுக்குங்க வேன்?” என்று மனைவி கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்தே அவள் அண்ணன் விஷயத்தில் நூலகர் ஜெயித்ததில்லை. வேன்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த அண்ணன், அதாவது மச்சான், போன மாதம்தான் எங்கிருந்தோ அந்தப் பழைய பிக்கப்பை வாங்கியிருந்தார். நூலகர் அதைப் பார்த்ததுகூட இல்லை. மச்சான் சாவியை மட்டும் கையில் திணித்துவிட்டு வெளியூருக்கு ரயிலேறிவிட்டார்.

“சலவைக் கடைத் தெருவுல வெள்ளையா நிக்கும் மாப்பிள்ளை. வயசான வண்டி, ஆனா ராஜா. சாவி மட்டும் சட்டுனு திரும்பாது. உள்ளே விட்டு லேசா ஆட்டிக் கொடுக்கணும்.”

ஆட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது. மற்றதுதான் நடக்கவில்லை.

போனில் மச்சானைப் பிடித்தார்.

“டிக்குனு மட்டும் சத்தம் வருதா? ஒண்ணும் பயப்படாத. பேட்டரி கனெக்‌ஷன்ல அழுக்கு சேர்ந்திருக்கும். பேட்டரி நல்ல பேட்டரி, வாங்கினதுமே புதுசு போட்டேன். ஒயரைக் கழட்டி, நல்லா சுரண்டி மாட்டு.”

“கழட்டறதுக்கு ஸ்பானர் வேணுமே மச்சான்.”

“வண்டியில ஸ்பானர் எல்லாம் கிடையாது. கையாலேயே திருகு.”

பானெட்டைத் திறந்தார். புதுசு போட்டதாகச் சொன்ன பேட்டரி, பத்து வருஷம் பழைய ஊறுகாய் ஜாடி மாதிரி உப்புப் பூத்துக் கிடந்தது. கையால் திருகினார். திருகாணி அசையவில்லை, கைதான் திருகிக்கொண்டது.

“சீட்டைத் தூக்கிப் பாருங்க தம்பி, கீழே ஸ்பானர் இருக்கும்” என்று ஒரு குரல் கேட்டது.

சலவைக் கடை வாசலில் நாற்காலி போட்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, முகத்தில் அக்கறை. நூலகர் சீட்டைத் தூக்கினார். ஸ்பானர் இருந்தது. தன் வண்டியில் என்ன இருக்கிறது என்பதுகூட மச்சானுக்குத் தெரியவில்லை என்பதில் நூலகருக்கு ஒரு சின்ன திருப்தி. அனுபவப்பட்ட அம்மா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சுரண்டினார். மாட்டினார். இறுக்குகிற வேகத்தில் கிளிப் ஒன்று பட்டென்று உடைந்து கையோடு வந்தது. சாமான் கட்டிய மிச்சக் கம்பி சட்டைப் பையில் இருந்தது. அதைச் சுற்றிக் கட்டினார்.

உடனே ஹாரன் அடிக்கத் தொடங்கியது. யாரும் தொடாமல், தானாகவே, வயிற்று வலிக்காரர் முனகுவதுபோல விடாமல் அடித்தது. தெருவில் ஜன்னல்கள் திறந்தன.

“மச்சான், ஹாரன் நிக்க மாட்டேங்குது!”

“ஹாரனா? என் வண்டிக்கு ஹாரனே கிடையாதே! பாரேன், உன் கை பட்டதும் அதுவே சரியாயிடுச்சு. கைராசிக்காரன்யா நீ!”

“சரி, அதை எப்படி நிறுத்தறது?”

“ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி இருக்கும். அதுல சிவப்பு ஃபியூஸைப் பிடுங்கு.”

ஸ்டியரிங்குக்குக் கீழே வெறும் தகரம் இருந்தது. தேடியலைந்து, எதிர்ப்பக்கம் சீட்டுக்கு முன்னால் பெட்டியைக் கண்டுபிடித்தார். உள்ளே இருந்த அத்தனை ஃபியூஸும் சிவப்பு. ஒன்றைப் பிடுங்கினார். முனகல் நிற்கவில்லை. இன்னொன்றைப் பிடுங்கினார். பிறகு கை நிற்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி முடித்தபோது ஹாரன் அடங்கியது. அந்த அமைதியில் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். உள்ளங்கையில் இருந்த ஃபியூஸ்கள் நழுவி, கியர் கம்பியின் அடியில் இருந்த ஓட்டைக்குள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

போன் அடித்தது. மனைவி.

“எங்க இருக்கீங்க? சாமானெல்லாம் தெருவுக்கு வந்தாச்சு. புதுசா குடி வர்றவங்களும் வந்துட்டாங்க. நம்ம சோபாவுல உட்கார்ந்திருக்காங்க.”

“எந்த சோபா?”

“தெருவுல கிடக்குற சோபா. நல்லா மெத்துனு இருக்காம். விட்டுட்டுப் போறீங்களான்னு கேக்குறாங்க.”

“வண்டி கிளம்பலம்மா.”

“அண்ணன் சொல்றபடி செய்யுங்க. நீங்களா எதையாவது செஞ்சுடாதீங்க.”

அண்ணன் சொன்னபடிதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். போன் வைக்கப்பட்டிருந்தது.

“கஷ்டமான வேலையா தம்பி?” என்று அந்தப் பெண்மணி கேட்டார். கையில் டீ டம்ளர். “குடிச்சுட்டுப் பாருங்க. பதறாதீங்க.”

நூலகர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இந்த வாரத்தில் அவரைப் பார்த்து யாரும் பதறாதீங்க என்று சொல்லவில்லை. முன்பின் தெரியாத மனுஷிக்கு இருக்கிற இரக்கம் சொந்த பந்தத்துக்கு இல்லையே என்று நினைத்தபடி டீயைக் குடித்தார்.

“சரியாயிடுமா தம்பி?”

“ஆயிடணும்மா. வேற வழியில்ல.”

“உங்களை நம்பித்தான் உட்கார்ந்திருக்கேன்” என்றார் அவர். எவ்வளவு பெரிய மனசு!

மச்சானிடமிருந்து அடுத்த உத்தரவு வந்தது. “அப்ப அது ஸ்டார்ட்டர் மோட்டாராத்தான் இருக்கும். மாட்டிக்கிட்டு நிக்கும். வண்டிக்கு அடியில படு. இன்ஜினுக்குப் பக்கவாட்டுல டப்பா மாதிரி உருண்டையா ஒண்ணு தெரியும். ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டு. என் வண்டியில எப்பவும் அதான் கோளாறு.”

நூலகர் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அடியில் படுத்தார். படுத்ததும் இடுப்புக்குக் கிடைத்த சுகத்தில், இப்படியே தூங்கிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. டப்பா மாதிரி உருண்டையாக ஒன்று தெரிந்தது. தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மச்சானை மனதில் நினைத்துக்கொண்டு ஓங்கித் தட்டினார்.

கறுப்பு எண்ணெய் அவர் மார்பில் வழிந்தது.

“என்னது, ஆயிலா? ஸ்டார்ட்டர்ல ஏது ஆயில்? நீ எதைத் தட்டின?”

“டப்பா மாதிரி உருண்டையா...”

“அது ஆயில் ஃபில்டரா இருக்கும்யா! சரி, விடு. தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்சை மிதி. வேகம் எடுத்ததும் கிளட்சை விடு. புது வீடு வரைக்கும் எப்படியாவது வந்து சேர்ந்துடும்.”

ஆயில் இல்லாமல் ஓடினால் இன்ஜின் என்ன ஆகும் என்று கேட்கிற தெம்பு நூலகருக்கு இல்லை. வெளியே வந்தார். அவர் சட்டையைப் பார்த்ததும் அந்தப் பெண்மணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“என்ன தம்பி, ஆயில் கொட்டுது?”

“பரவாயில்லம்மா. தள்ளினா கிளம்பிடும்.”

“தள்ளணுமா?” அவர் முகம் லேசாக வாடியது. “ம்... உங்களுக்குத் தெரியாததா?”

அவரே சலவைக் கடைக்காரரையும் அங்கே நின்ற இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டார். தானும் ஒரு கை கொடுத்தார். தெரு லேசான இறக்கம். வண்டி மெல்ல நகர்ந்தது. பிறகு வேகமாக நகர்ந்தது. பிறகு தள்ளினவர்கள் பின்னால் நின்றுவிட்டார்கள், வண்டி மட்டும் போனது.

நூலகர் கிளட்சை விட்டார். வண்டி ஒரு விக்கல் விக்கியது. இன்ஜின் மூச்சுக் காட்டவில்லை. ஃபியூஸ் இல்லாத வண்டி எப்படிக் கிளம்பும் என்பது அப்போதுதான் மூளையில் உறைத்தது. பதற்றத்தில் மறுபடி கிளட்சையே மிதித்துவிட்டார். கால் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடித்தபோது இன்ஜின் ஓடாததால் அது கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஓரமாக நின்றிருந்த இரண்டு கிழட்டு வெள்ளைப் பிக்கப்புகளை மயிரிழையில் தாண்டி, தெருமுனைக் கம்பத்தில் போய் மரியாதையாக முட்டி நின்றார். முன்விளக்கு ஒன்று நொறுங்கி விழுந்தது. அதைத் தொடர்ந்து பம்பரும் ஒரு பக்கம் தொங்கியது.

இறங்கிப் போய் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். போனில் மச்சான், “கிளம்பிடுச்சா? கிளம்பிடுச்சா?” என்று கத்திக்கொண்டிருந்தார். இணைப்பைத் துண்டித்தார். உடனே மனைவி அழைத்தாள்.

“அந்த சோபாவை விட்டுடலாமா? என்னதான் சொல்றீங்க?”

“விட்டுடு” என்றார். “அலமாரியும் கேட்டா குடுத்துடு. நானும் அங்கேயே இருக்கலாமான்னு கேட்டுப் பாரு.”

மூச்சு வாங்க இறங்கி வந்த அந்தப் பெண்மணி, கம்பத்தைப் பார்த்தார். தொங்கிய பம்பரைப் பார்த்தார். தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்த ஆயிலைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நூலகருக்கு மனசு தாளவில்லை. யாரோ ஒருவரின் வண்டிக்காக, யாரோ ஒருவரின் கஷ்டத்துக்காக, இப்படி ஒரு ஜீவன் கலங்குகிறதே!

“நீங்க ஏம்மா இவ்வளவு வருத்தப்படுறீங்க? விடுங்க” என்றார் ஆறுதலாக.

அவர் நூலகரின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். மனம் நோகாமல் பேச வேண்டுமே என்கிற தயக்கத்தோடு கைப்பையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

“கோவிச்சுக்காதீங்க தம்பி. என்கிட்ட சாவிகூடக் கேக்காம நீங்களே திறந்ததும், கெட்டிக்காரர்னு நினைச்சேன். என் வண்டிக்குப் புது பேட்டரி ஒண்ணு மட்டும் எடுத்துட்டு வாங்கன்னுதானே காலையில உங்க மெக்கானிக் ஷாப்புக்கு போன் பண்ணேன்... அது எங்க?”