சட்டைப் பையில் ஒரு சுவிட்ச்

டபுள் சைடு டேப்போடு வரும் எந்தப் பொருளையும் நம்பி வீட்டுக்குள் விடாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நகரியில் எங்கள் வீட்டின் பின்பாதி பவர்லூம் கொட்டகை, முன்பாதி ஹால். தறிகள் என் கணவருடையவை. ஹாலில் புடவை வியாபாரம் செய்யலாம் என்ற யோசனை என்னுடையது. "ஊட்ல குந்திக்கினு வித்தா எவ வந்து வாங்குவா?" என்று அவர் கேட்ட நாளிலிருந்து, ஒரே ஒரு கல்யாண ஆர்டராவது பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. தன் மகள் கல்யாணத்துக்கு உறவுக்காரப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் புடவை வேண்டும் என்று புத்தூரிலிருந்து சரோஜம்மா போன் செய்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஹால் சுவரில் அழகான லைட்டுகள் இருந்தன. அவற்றின் சுவிட்ச் மட்டும் பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது (பீரோவை அங்கே வைக்கச் சொன்னதும் நான்தான், அதை விடுங்கள்). அதனால் அவை எரிந்ததே அபூர்வம். சுவரை உடைத்து வயர் இழுக்கலாம் என்றால் புதுப் பெயிண்ட். ஆன்லைனில் வயர்லெஸ் சுவிட்ச் வாங்கினேன். லைட்டுக்குள் வைக்கிற சின்னப் பெட்டியை எலெக்ட்ரிஷியன் பொருத்திவிட்டுப் போனார். சுவிட்சுக்கு வயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அமுக்குகிற வேகத்திலேயே அதற்கு உயிர் வந்துவிடும். டேப்பால் ஒட்டினால் போதும். கொட்டகைப் பக்கத்துச் சுவரில் ஒட்டி, ஒரு தடவை அமுக்கினேன். எரிந்தது. கண் பட்டுவிடப் போகிறது என்று அணைத்துவிட்டு மறுபடி தொடவில்லை.

அன்று அமாவாசை. அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓட்டமாட்டோம். (அதற்கும் டேப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.)

மறுநாள் சரோஜம்மா வந்தார். லைட்டுகளைப் போட்டு, வாடாமல்லிப் புடவை ஒன்றை விரித்து அவர் மடியில் வைத்தேன். பின்னால் தறிகள் ஓட ஆரம்பித்தன. அந்தச் சத்தமும் அதிர்வும் எங்களுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு பழக்கம். டேப்புக்குப் பழக்கமில்லை.

"பாகுந்தி, ரொம்ப பாகுந்தி" என்று சரோஜம்மா தெலுங்கு கலந்து மெச்சியபடி புடவையைத் தடவிய நேரத்தில், சுவிட்ச் அதிர்ந்து அதிர்ந்து கழன்று தரையில் குப்புற விழுந்தது. டக். லைட்டுகள் அணைந்தன.

அசடு வழிய எடுத்து அமுக்கினேன். எரிந்தது, ஆனால் மஞ்சளாக எரிந்தது. அணைத்து உடனே போட்டால் நிறம் மாறுகிற லைட்டுகள் அவை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வாடாமல்லிப் புடவை மாதுளம்பழ நிறத்துக்குப் போய்விட்டது.

"ஏம்மா, பொடவைய மாத்திட்டியா?"

"இல்லக்கா, அதே பொடவதான்."

"என் மடில வெச்சிக்கினே மாத்திட்டு, இல்லன்றியே!"

தண்ணீர் குடிக்க என் கணவர் வந்தார். "இத்த வெச்சிக்கினு ஏன் அல்லாடற? எங்கிட்ட குடு, உழாது" என்று சுவிட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

தறியில் இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும். அன்றைக்குப் பார்த்து அறுந்துகொண்டே இருந்தது. அவர் குனியும்போதெல்லாம் நெஞ்சு தறியில் பட்டுச் சட்டைப் பை அமுங்கியது. ஹாலில் லைட்டுகள் அணைந்தன, எரிந்தன, மறுபடி அணைந்தன. வெள்ளை, மஞ்சள், இரண்டுக்கும் நடுவே ஒரு பால் நிறம். நான் கத்தியது தறிச் சத்தத்தில் அவருக்கு எப்படிக் கேட்கும்? சரோஜம்மா புடவையை உதறிவிட்டு சோபாவின் மேல் ஏறி நின்றார்.

"நேத்துதான் அமாவாச, இன்னிக்கு அந்த ஊட்டுக்குப் போவாதன்னாங்க, நாந்தான் கேக்கல!"

கொட்டகைக்கு ஓடி, தறி ஓட்டுகிற ஆட்கள் எல்லாரும் பார்க்க, பட்டப்பகலில் என் கணவர் நெஞ்சில் கையை விட்டேன். "இன்னா கோமளா இது" என்று மனிதர் வெட்கப்பட்டார்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் விளக்கினேன். முதல் ஆர்டர் கைக்கு வந்து போகிறதே என்று பாதியில் அழுகையே வந்துவிட்டது. சரோஜம்மா இறங்கி வந்து, புடவையை வாசலில் வெயிலில் பார்த்தார். உள்ளே வந்து பார்த்தார்.

"சரேம்மா, எட்த்துக்கறேன். ஆனா ரெண்டாவதா வந்துச்சே, அந்தக் கலர்லதான் வோணும்."

அந்தக் கலரில் புடவையே கிடையாது. மஞ்சள் லைட்டில்தான் உண்டு. "குடுக்கறேன்க்கா" என்றேன். (வேறென்ன சொல்வது?)

சாயக்காரரை ஹாலில் உட்காரவைத்து லைட்டைப் போட்டுக் காட்டினோம். அவர் என்னையும் லைட்டையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எப்படியோ அந்த நிறத்தில் நூல் வந்தது, என் கணவரே நெய்தார், நாராயணவனத்தில் நடந்த கல்யாணத்தில் அத்தனை பெண்களும் அதைக் கட்டினார்கள். ஆர்டரை அவர் முகத்துக்கு நேரே நீட்டத்தான் செய்தேன். அந்த முகம் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்ததால் எனக்குத் திருப்தியே இல்லை.

அந்தச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. திருப்பதிக் கடைகளில் நான் எதையாவது நன்றாக இருக்கிறது என்றால் போதும், "அண்ணா, ஒரு தபா லைட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, அப்பால எட்த்துக்கறோம்" என்பார். போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் வீட்டார் ஹாலில் உட்கார்ந்திருக்க, சமையலறை வாசலில் அவரிடம், "பையன் லட்சணமா கீறான் இல்ல?" என்று கிசுகிசுத்தேன். அது மகள் காதிலும் விழுந்துவிட்டது. காபித் தட்டைக் கீழே வைத்தாள். நேரே போய் ட்யூப்லைட்டை அணைத்தாள், போட்டாள், பையனை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"மாறல நைனா" என்றாள் அப்பாவிடம். "பேசி முடிச்சிடு."