புறாக்களைத் தியாகம் செய்தவன்

என் மகளுக்காக உயிரையே கொடுப்பேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சத்தியம் செய்தேன். என் மனைவி இன்ஷிராஹ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உயிரெல்லாம் வேணாம். புறாவைக் கொடுங்க, போதும்."

பசந்துக்கு ஏழு வயது. அன்று காலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடி இறங்கி ஓடினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. பேச முடியவில்லை, என் காலரை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் அப்படிப் பயந்ததே இல்லை.

முகமூடி வைத்து மருந்துப் புகை ஏற்றிய பிறகு டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல பறவை ஏதும் வளக்கறீங்களா?"

"வீட்டுக்குள்ளயா? ஒண்ணுகூட இல்லைங்க."

"மொட்டைமாடில நாப்பது இருக்கு" என்றாள் இன்ஷிராஹ்.

இறகிலும் எச்சத்திலும் உதிரும் தூள் பிள்ளைக்கு ஆகவில்லை என்றார் டாக்டரம்மா. பாதி காற்றோடு அவள் அறை ஜன்னலுக்கு இறங்குகிறது. மீதியை நான் போடும் நீள அங்கி, என் ஜலாபியா, சுமந்து வருகிறது. "இன்ஹேலரைத் தினமும் கொடுங்க, இளைப்பு இல்லாத நாள்லயும். சிகரெட், ஊதுவத்தி கூடவே கூடாது. ஆனா அந்தத் தூள் வந்துகிட்டே இருந்தா, நான் என்ன மருந்து கொடுத்தும் பிரயோஜனமில்ல."

இம்பாபா பேட்டையில் எங்கள் தெருவில் என் புறாக்களுக்கு இருக்கும் மரியாதை எனக்குக் கிடையாது. மாலையானால் மாடிக்கு மாடி கூட்டமாகப் பறக்கவிடுவோம். அடுத்தவன் புறா மயங்கி நம் கூட்டில் இறங்கினால் அது நம்முடையது. திருப்பிக் கேட்பவன் ஆம்பளையே இல்லை. இந்தச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே மூன்று வீடு தள்ளியிருக்கும் ஷெஹாத்தாவை நான் பலமுறை அழவிட்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட புறாக்களை மறுநாளே கூடைகளில் அடைத்து, ஃபய்யூமில் இருக்கும் மச்சினன் ஃபக்ரியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டீக்கடையில் எனக்குத் தியாகி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஃபக்ரியிடம் மட்டும் காதோடு சொல்லியிருந்தேன்: "ரெண்டு வாரம் வச்சிரு. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, கூடை தானா திறந்துகிட்ட மாதிரி விட்டுடு."

என் புறாக்கள் எங்கே விட்டாலும் வீடு திரும்பும். தானாக வந்ததைப் பாவம் என்று யாரும் விரட்டமாட்டார்கள். இதுதான் என் கணக்கு.

அந்த இரண்டு வாரமும் இன்ஷிராஹ் திரைச்சீலை, மெத்தை உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொதிநீரில் போட்டாள். காலையும் மாலையும் இன்ஹேலர் குழாயை மகள் வாயில் வைத்து, "மெதுவா இழுடா கண்ணு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பசந்த் ஒருநாள் பாட்டுப் பாடிக்கொண்டே படியேறி வந்தாள். எனக்கு அழுகை வந்தது. அப்போதே ஃபக்ரிக்கு ஃபோன் போட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஃபோனை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஜன்னலைச் சாத்திவைத்தால் போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாடிக்கு ஓடினேன். மாடி வெறிச்சென்று கிடந்தது. சோப்பு வாசம். என் பச்சைப் புறாக்கூட்டைக் காணோம். இன்ஷிராஹ் துடைப்பத்தோடு நின்றாள்.

"கூடு எங்க?"

"ஷெஹாத்தா அண்ணனுக்குக் கொடுத்துட்டேன். ஆள வச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"புறா இல்லாத வீட்டுக்குக் கூடு எதுக்குங்க? ஏன், ஏதாவது வரப்போகுதா?"

வானத்தை ஒருமுறை பார்த்தேன்.

"வ... வராது."

"அப்ப சரி."

அந்த நேரம் பார்த்து பள்ளிவாசல் மினாராவுக்குப் பின்னாலிருந்து என் கூட்டம் வந்தது. முன்னால் என் வெள்ளைச்சி. எங்கள் மாடியை ஒரு சுற்று சுற்றின. இன்னொரு சுற்று. இறங்க இடமில்லை. மூன்று வீடு தள்ளி, ஷெஹாத்தாவின் மாடியில் என் பச்சைக் கூடு வெயிலில் பளபளத்தது. அவன் தானியத்தை வீசிச் சீட்டி அடித்தான். அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே போய் இறங்கின.

"அழகான புறாவா இருக்கே, யாரோடதுங்க?" என்றாள் இன்ஷிராஹ்.

"தெரியலையே."

தெருவிலிருந்து ஏறி வந்த பசந்த், "அப்பா, அது நம்ம வெள்ளைச்சி" என்றாள். ஐந்து மாடி ஏறியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. அதைக் கண்டதும் எனக்கு இருந்த கோபத்தில் பாதி எங்கேயோ போய்விட்டது.

"இல்லடா கண்ணு. இப்ப அது ஷெஹாத்தா மாமாவோடது. தெருச் சட்டம். அப்பாவைக் கேளு, நல்லாச் சொல்வாரு" என்றாள் இன்ஷிராஹ்.

"ஃபக்ரி சொல்லிட்டானா?" என்றேன் மெதுவாக.

"உங்களுக்கு மச்சினன்னா எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லீங்களா? அன்னிக்கே சொல்லிட்டான்." பிறகு குரல் இறங்கியது. "அவ நீலமாப் போனதை நீங்களும்தானே பாத்தீங்க."

நான் ஷெஹாத்தாவின் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. நான் வேணாம்னு சொல்லலையே" என்றாள்.

ஆத்திரத்தோடு இறங்கிப் போனேன். ஷெஹாத்தா வீட்டுப் படிக்கட்டில், புதிதாக அடித்த ஆணி ஒன்றில், இன்ஷிராஹ் துவைத்த என் மாற்று ஜலாபியா தொங்கியது. பக்கத்தில் சோப்பு, துண்டு.