எங்கள் எல்லைக்குள் வராது

மதுரை,
ஞாயிறு மத்தியானம், உன் அக்காள் கண்ணயர்ந்த நேரம்.

அன்பு நிறைந்த மாப்ள மெர்வினுக்கு,

அத்தான் கிருபாகரன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம் என்று, பள்ளிக்கூட ஆபீஸில் காலமெல்லாம் எழுதிப் பழகிய கை தானாக எழுதப் போனது. தடுத்து நிறுத்திவிட்டேன். அனைவரும் என்றால் மகன் ஜினோவும் சேர்த்தி அல்லவா? ஆகவே இவ்விடம் நானும் உன் அக்காள் ஆனிமேரியும் மகள் டயானாவும் ஏதோ இருக்கிறோம். அவ்விடம் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதா துணை நிற்கட்டும். கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் போடுகிறாரே அத்தான் என்று திருச்சியில் உட்கார்ந்து சிரிக்காதே. இந்த வீட்டில் போன் சத்தம் கேட்டால் அவன்தானோ என்று உன் அக்காள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருகிறாள். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம்கூட, “எந்த ஊருல இருந்து தாயி பேசுற? அங்க எங்க ஜினோ இருக்கானா?” என்று விசாரிக்கிறாள்.

விஷயம் டயானாவைப் பற்றியது. ஐகோர்ட் கிளையில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்த பிள்ளை, அயர்லாந்தில் சர்வதேச மனித உரிமைச் சட்டம் மேல்படிப்பு படிக்க இடம் வாங்கிவிட்டாள். அவ்வளவு தூரம் போகிறவள் நர்ஸிங்காவது படிக்கக் கூடாதா என்கிறாள் உன் அக்காள். எனக்கு எந்தப் படிப்பும் வேண்டாம், அவள் போகாமல் இருந்தால் போதும். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். போகாதே என்று நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு நான் படுகிற பாடு போதும்.

ஜினோ கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் யாரிடமாவது திரும்பச் சொன்னால்தான் எனக்கு அடங்குகிறது. கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் ஏற்றிவிட்ட பிள்ளையை, இறங்கின நாட்டில் இருந்து ஆறு தாண்டிக் கடத்தி அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோய், பெரிய மதில் கட்டிய இடத்தில் அடைத்து, ஊரில் உள்ளவர்களைப் போனில் ஏமாற்றுகிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். ‘அப்பா, என்னால பொய் பேச முடியலப்பா, அடிக்கிறாங்க’ என்று பேசினதுதான் கடைசி. உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போனேன். “ஏஜென்ட் சென்னைக்காரன் சார், இது எங்க எல்லைக்குள்ள வராது” என்றார்கள். சென்னைக்குப் போனால், குற்றம் நடந்தது வெளிநாடு, எங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். இறங்கின நாட்டுக்கு எழுதினோம், இப்போது இங்கே இல்லை என்று பதில் வந்தது. அடுத்த நாட்டுக்கு எழுதினோம், அப்படி ஒருவர் எங்கள் நாட்டுக்குள் வந்ததாக முத்திரையே இல்லை என்று வந்தது. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் அவன். அம்புட்டு உயரப் பிள்ளை ஒருத்தர் எல்லைக்குள்ளும் வராமல் எங்கே நிற்கிறான் மாப்ள?

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. பரவை மார்க்கெட் பக்கம் ஒரு கார் நிற்கும், முன்னால் சிவப்புப் பலகையில் தங்க எழுத்தில் ‘மனித உரிமை’ என்று இருக்கும். சோணை என்பவர் அந்த அமைப்புக்குச் செயலாளர். பரவையிலேயே கிடைக்கிற மனித உரிமைக்கு அயர்லாந்து எதற்கு என்று டயானாவிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டு, அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தேன். வெள்ளை வேட்டி, விரலுக்கு ஒரு மோதிரம். கதை முழுக்கக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது மெய்தான், பொய் சொல்லக் கூடாது. பிறகு, “அண்ணே, நமக்கு உசிலம்பட்டி வரைக்கும்தான். அதத் தாண்டி எழுமலைன்னாலே வேற செயலாளரு, அவருகிட்டத்தான் கேக்கணும். வெளிநாடு நம்ம எல்லைக்குள்ள வராதுண்ணே” என்றார். போகிற போக்கில், மகளிர் அணியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, பாப்பா போட்டோ ரெண்டு கொடுங்கள் என்றும் கேட்டார். அவர் படி இறங்கினதும் டயானா சிரித்தாள் பார், ஜினோ போனபிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. சிரிப்பு முடியுமுன்னே அழுதுவிட்டாள்.

அதோடு விட்டேனா? ஜினோ பிறந்தநாள் வந்தது. நலம் வேண்டிப் பூசை ஒன்று சொல்லி வைத்தேன். பேர் எழுதி வாங்கிக்கொண்ட கோயில் உபதேசியாருக்கு அந்த வாரம் முழுக்கச் சாவு வீடுதான் போலிருக்கிறது, பழக்கதோஷத்தில் இறந்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார். பீடத்தில் நின்று பங்குச்சாமியார், “ஜினோவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று வாசித்தார். என்னை அறியாமல் எழுந்து, “சாமி, எம்மகன் சாகல சாமி!” என்று கத்திவிட்டேன். பாட்டுக் குழு அப்படியே நின்றுவிட்டது. சாமியார் மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர். ஆனால் பின்வரிசைக்காரர்களுக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. நாங்கள் வருவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது, வாசலெல்லாம் செருப்பு. எதிர்வீட்டுச் சௌராஷ்டிரா அம்மா வசுந்தரா, துக்க வீட்டில் அடுப்பு எரியாதே என்று கேன் நிறையக் காப்பியோடு நிற்கிறார். “அவன் சாகலம்மா” என்றேன். “அப்ப புள்ள எங்கண்ணே இருக்கான்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீட்டின காப்பியை வாங்கிக் குடித்துவிட்டேன் மாப்ள. மகன் உயிரோடு இருக்கும்போது துக்கக் காப்பி குடித்த பாவி என்று உன் அக்காள் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம்தான் டயானாவிடம், எதற்கும்மா இந்தப் படிப்பு என்று கேட்டேன். “எல்லாரும் எல்லை எல்லைங்கிறாங்கல்லப்பா. எல்லையத் தாண்டி ஒரு மனுசனைத் தேடுறதுக்கும் சட்டம் இருக்கு. எந்தக் கதவத் தட்டணும், தட்டுனா என்ன பேசணும்னு இங்க யாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. படிச்சுட்டு வாரேன். ஜினோவுக்கு ஒதவுமான்னு தெரியாது. இம்புட்டுப் பிள்ளைக அங்க கெடக்காங்க, யாருக்காச்சும் ஒதவும்” என்றாள். ஜினோவுக்கு உதவுமா தெரியாது என்றாளே, அந்த ஒரு வார்த்தையை நான் தாங்கமாட்டேன். வக்கீல் பிள்ளை நியாயமாகத்தான் பேசுகிறாள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு போனும்தான். ஆகவே கட்டாயம் அவளைத் தடுத்துவிடு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் பிள்ளைகள் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடு. ஆண்டவர் அவர்களை எப்போதும் உன் கண்ணுக்கு எட்டுகிற தூரத்திலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் கிருபாகரன்

பின்குறிப்பு: தபாலில் போட மனம் வராமல் இதைச் சட்டைப்பையிலேயே வைத்துத் திரிந்தேன். மேலே எழுதினதையெல்லாம் மறந்துவிடு, டயானாவிடம் ஒன்றும் சொல்லாதே. விசா வந்துவிட்டது. நேற்று விளக்குத்தூண் பக்கம் ஸ்வெட்டர் எடுக்கப் போனோம். இந்த வெயிலில் ஸ்வெட்டரா என்று கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டயானாவுக்கு ஒன்று எடுத்தேன், ஜினோவுக்கும் ஒன்று எடுத்தேன். அவனை மீட்டுவிட்டால் முதலில் அவளிடம்தானே போய் நிற்பான், அந்தக் குளிரில் என்னத்தைப் போடுவான்? “அவன் எளைச்சிருப்பான்ப்பா, ஒரு சைஸ் கம்மியா எடுங்க” என்று மட்டும் சொன்னாள். நான் பழைய சைஸே எடுத்தேன். வந்து நாலு நாள் சாப்பிட்டால் தேறிவிடுவான்.