ஸ்வெட்டர் பண்டாரியின் முழங்கை

மட்டாஞ்சேரி ஸ்வெட்டர் பண்டாரிக்குப் பிரியாணி வைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

பொய். நான் அவரிடம் வெங்காயம் உரிக்கிறவன். எங்கள் ஊரில் பெரிய வெங்காயத்தைச் சவாளா என்பார்கள். உரித்து உரித்து என் பேரே சவாளா ஆகிவிட்டது. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பேர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நானும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பேன். படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். நாலாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஒன்றை மறந்துவிட்டாலும் இன்னொன்று கையிருப்பில் இருக்கிறது.

ஆனால் இது சத்தியம். பண்டாரி என்றால் கல்யாணப் பிரியாணிக்காரர். உலகத்தில் எத்தனையோ பண்டாரிகள் இருப்பார்கள். ஏப்ரல் மாத வெயிலில், அண்டா அண்டாவாகக் கொதிக்கிற பிரியாணிச் செம்புகளுக்கு நடுவில், கழுத்துவரை கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற பண்டாரி பூமியில் இவர் ஒருவர்தான். பனி கொட்டுகிற ஊரில்கூட அடுப்பு பற்றியதும் கழற்றிவிடுவார்கள்.

அந்த ஸ்வெட்டரின் நெஞ்சில் இரண்டு மான்கள் முட்டிக்கொண்டு நிற்கும். டிசம்பரில் ரோட்டோரம் கடை போடுகிற நேப்பாளிகளிடம் வாங்கியது. கொச்சியில் அவர்களுக்கு இருந்த ஒரே நிரந்தர வாடிக்கை இவராகத்தான் இருக்கும். வெயில் ஏற ஏற வியர்வையில் மான்கள் ஊறி, மதியத்துக்குள் இரண்டும் நீர்யானை ஆகிவிடும்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவார்.

"எனக்கு உள்குளிர் மோனே. எலும்புக்குள்ள ஃபிரிட்ஜ் இருக்கு."

"சூட்ட சூடுதான் தின்னும். நீயும் போட்டுப் பாரு."

ஒரு நாள் வெள்ளைக்காரத் தம்பதி அவரைப் படம் எடுத்தார்கள். கூட வந்த கைடிடம் பண்டாரி, "இது பரம்பரை உடுப்புன்னு சொல்லுடா" என்றார். அவனும் சொல்லித் தொலைத்தான். இருவரும் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இப்போது ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு வீட்டுச் சுவரில், கொச்சிக்காரர்களின் பாரம்பரிய உடை என்று அந்த மான்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரிந்தது ஒரு பொறியால். அடுப்பிலிருந்து பறந்து வந்து அவருடைய இடது கையில் உட்கார்ந்தது. கம்பளி புகைய ஆரம்பித்தது.

"கழட்டுங்க இக்கா!"

"முடியாது!"

"எரியுது இக்கா!"

"எரியட்டும்! நீ அந்தப் பக்கம் திரும்பு!"

நான் திரும்பவில்லை. அரிசி கழுவின தண்ணீரை அப்படியே தூக்கி அவர்மேல் ஊற்றினேன். புகை அடங்கியதும் முழங்கையில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளே சிவப்பாகத் தடித்த தோல், அதன்மேல் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக. கரிமீன் முதுகு மாதிரி.

"கண்டியா?"

"கண்டேன்."

"யார்கிட்ட சொல்லுவ?"

"யார்கிட்டயும் இல்ல இக்கா."

"சொன்னா உன்னையும் சவாளாவோட வறுத்துடுவேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "இதுல இருந்து ஒண்ணு உதிர்ந்து செம்புல விழுந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னா போதும்டா. அப்புறம் இந்த ஊருல எனக்கு அடுப்பு கிடையாது. எனக்கு வேற பணி அறியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள்தான் வந்தது.

டாக்டரிடம் போக மாட்டார். போனால் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் மொபைலில் வருகிற வைத்தியம் எல்லாம் பார்த்தார். வேப்பிலை அரைத்துப் பூசி ஒரு பெருநாளைக்குப் பச்சையாக வந்தார். மீன் ஆகாது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சொன்னதால் மீனை நிறுத்தினார். மட்டாஞ்சேரிக்காரன் மீனை நிறுத்துவது, படகு தண்ணீரை நிறுத்துகிற மாதிரி. செதில் உதிரவில்லை. குணம்தான் உதிர்ந்தது. எங்களில் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் என் இடுப்பில் ஒரு வட்டம் வந்தது. அப்புறம் வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம். படர்தாமரை என்று அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள். என் இடுப்பில் அது குளமே வெட்டிவிட்டது. மருந்துக்கடையில் சீட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். பூசினால் சொர்க்கம். நிறுத்தினால் தாமரை குடும்பத்தோடு திரும்பி வரும். நான் சொறிந்த வேகத்தில் வெங்காயம் உரித்திருந்தால் துபாய்க்கே சப்ளை செய்திருப்பேன்.

ஒரு நாள் பண்டாரி பார்த்துவிட்டார்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்ல இக்கா, சின்ன சொறி."

"காட்டு."

காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"படச்சோனே! என்னோடது உனக்கும் ஒட்டிடுச்சேடா."

தன் கைக்காக இத்தனை வருஷம் எந்த டாக்டர் வாசலையும் மிதிக்காத மனிதர், என் இடுப்புக்காக மறுநாள் காலையிலேயே கிளம்பினார். ஆனால் பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் இல்லை.

"இங்க போனா, மருந்து வீட்டுக்கு வர்றதுக்கு முன்ன சேதி வந்துடும். இடப்பள்ளிக்கு போவோம். அங்க நம்மள யாருக்குத் தெரியும்? யாராச்சும் கேட்டா, மால் பாக்க வந்தோம்னு சொல்லு."

படகேறி எறணாகுளம் போனோம். அங்கிருந்து மெட்ரோ ஏறி இடப்பள்ளி. ஒரு சந்துக்குள் இருந்த தோல் கிளினிக்கைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தோம்.

மட்டாஞ்சேரி பூராவும் உள்ளே உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் பாதி அங்கே இருந்தது. அரிசி கோடவுன்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், தலைகீழாக. எங்களைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள்.

"ஆ, பண்டாரி இக்கா! நாங்க சும்மா மாலுக்கு வந்தோம்."

"நாங்களும் மாலுக்குத்தான்" என்றார் பண்டாரி.

"ஏசி நல்லா இருக்கும்னு இங்க கொஞ்சம் ஒதுங்கினோம்."

ஏசி ரிப்பேர். ஃபேன்கூடச் சுற்றவில்லை.

மூலையில் ஒருவர் கண்ணுக்குக் கீழே முகம் பூராவும் கைக்குட்டை கட்டியிருந்தார். கண் இரண்டும் பலாச்சுளை மாதிரி வீங்கியிருந்தன. இருமலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். மிளகு முதலாளி! அந்த வார ஞாயிறு அவருடைய மூத்த மகளுக்கு நிக்காஹ். பிரியாணி ஆர்டர் எங்களுக்கு. கல்யாணத்தில் இளமையாக நிற்க ஆசைப்பட்டுத் தாடிக்குச் சாயம் அடித்திருக்கிறார். சாயம் தாடியோடு நிற்காமல் முகத்தையும் பிடித்துக்கொண்டது.

"முதலாளியும் மாலுக்கா?" என்றேன்.

"ம்ம்" என்றது கைக்குட்டை.

பண்டாரி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஓட்டை விழுந்த ஸ்வெட்டருக்குப் பதில் முழுசான ஒன்றைப் போட்டு வந்திருந்தார். அதிலும் மான்தான். புழுக்கத்தில் மான்கள் மூழ்க ஆரம்பித்தன.

"சவாளா, ரூம் சுத்துது."

"ஃபேனே சுத்தல இக்கா, ரூம் எப்படி சுத்தும்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சாய்ந்துவிட்டார்.

டாக்டர் ஓடி வந்தார். பாலக்காட்டுப் பெண்மணி, நல்ல தமிழ் பேசுவார்.

"இந்த சூட்டுல யாராச்சும் ஸ்வெட்டர் போடுவாங்களா? சீக்கிரம் கழட்டுங்க!"

"வேண்டாம் டாக்டர்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அது பரம்பரை உடுப்பு!"

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து நடுவே வெட்டினார். இத்தனை காலம் முட்டிக்கொண்டிருந்த மான்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்தன.

முழங்கை இரண்டும் வெளியே வந்தன. நாற்காலிகள் எல்லாம் கிரீச்சென்று பின்னால் நகர்ந்தன. கண் விழித்த பண்டாரி தன் கையைப் பார்க்கவில்லை. மிளகு முதலாளியைப் பார்த்தார். வீங்கின கண்ணை விரலால் பிரித்து வைத்துக்கொண்டு முதலாளி முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வெறுங்கையால் அந்தச் செதிலைத் தடவினார். "சொரியாசிஸ். எவ்வளவு காலமா மூடி வெச்சிருக்கீங்க?"

"என்ன விடுங்க டாக்டர். இவனுக்கும் ஒட்டிடுச்சு. முதல்ல இவன பாருங்க."

டாக்டர் என் இடுப்பைப் பார்த்தார். சிரித்துவிட்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இவரோடது யாருக்கும் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. இவரு தோலு அவசரப்பட்டு வளருது, அவ்வளவுதான். ஒட்டுறது உங்களோடது! ஃபங்கஸ். யாரோட துண்டையாவது எடுத்துத் துடைச்சீங்களா?"

"ஆட்டோ ஸ்டாண்டு குழாயில குளிச்சுட்டு அங்க தொங்குற துண்டுலதான் டாக்டர்..."

ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடுப்பைச் சொறிந்தார்கள். பண்டாரியிடமிருந்து விலகிப்போன நாற்காலிகள், திசை மாறி என்னிடமிருந்து விலகின.

என் கடை ட்யூபைக் குப்பையில் போடச் சொன்னார். அதில் இருக்கிற ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிட்டு, ஃபங்கஸுக்குச் சோறு போட்டு வளர்க்குமாம். எனக்கு வேறு களிம்பு, மாத்திரை. வட்டம் மறைந்துவிட்டது என்று நானாக நிறுத்தக்கூடாது. துண்டும் துணியும் தனி. பண்டாரிக்குக் கொடுத்த களிம்பைப் பார்த்தால் அதிலும் ஸ்டீராய்டு.

"எனக்கு ஆகாதது அவருக்கு மட்டும் எப்படி டாக்டர்?"

"பிரியாணிக்கு மசாலா போடுவீங்க. பாயசத்துக்குப் போடுவீங்களா?"

பண்டாரி குளித்த ஈரம் காயும் முன்னே தோலில் எண்ணெய்ப்பசை உள்ள க்ரீம் பூச வேண்டும், செதிலைப் பிய்க்கக்கூடாது, குறையாவிட்டால் லைட் வைத்து ஒரு சிகிச்சை இருக்கிறது, போனது திரும்பி வந்தாலும் பயப்படாமல் வர வேண்டும். "ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். கம்பளி உரசி உரசித்தான் இவ்வளவு கூடியிருக்கு." முதலாளிக்கு ஒரே வரி. "இனி சாயத்தைத் தொடாதீங்க. நரைச்ச தாடியோட நின்னா நிக்காஹ் செல்லாதா?"

வெளியே வந்ததும் முதலாளி பண்டாரியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டாக்டர் சொன்னது எனக்கு மனசிலாச்சு பண்டாரி. வர்ற ஆளுங்களுக்கு மனசிலாகணுமே? ஞாயித்துக்கிழமை மட்டும் ஸ்வெட்டர் போட்டு வாங்க. புதுசு நான் வாங்கித் தரேன்."

"வந்தா இந்த கையோட வருவேன் முதலாளி. இல்லன்னா வேற பண்டாரிய பாருங்க."

வேறு பண்டாரி வந்தால் வேறு சவாளாவும் வருவானே! முதலாளி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கைக்குட்டையை இறுக்கிக்கொண்டு மெட்ரோ ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. பண்டாரி அரைக்கைச் சட்டையில் வந்தார். முழங்கை க்ரீமில் பளபளத்தது. சேதி எங்களுக்கு முன்னாலேயே பந்தலுக்கு வந்திருந்தது. பந்தல் நிறைய ஆள், மேசையில் ஒருவர் இல்லை. எல்லாரும் இப்போதுதான் சாயா குடித்தார்களாம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தம் உடைத்ததும் முதல் தட்டு கல்யாணக்காரருக்கு. அவர் வாயில் வைத்த பிறகுதான் பந்தி. பண்டாரி செம்பின் மூடியை உடைத்து, ஒரு தட்டில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். முதலாளி குட்டையாக வெட்டின நரைத்தாடியோடு வந்து நின்றார். தட்டைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். பந்தல் மொத்தமும் அவரைப் பார்த்தது. அவர் மெதுவாகக் கையை நீட்டி...

"டேய் சவாளா! எங்கடா போய்த் தொலைஞ்ச?"

இக்கா கூப்பிடுகிறார். மன்னிக்க வேண்டும், போயாக வேண்டும். இன்றைக்கு மிளகு முதலாளியின் இரண்டாவது மகளுக்கு நிக்காஹ். மூத்தவள் கல்யாணத்தைவிட ஒரு செம்பு கூடுதலாக, முதலாளியே வீடு தேடி வந்து சொன்னது.

"மருந்து பூசினியாடா? காலைல ஏதாச்சும் சாப்பிட்டியா? காது கேக்குதா இல்லையா?"

உடனே எழுந்து ஓடலாம்தான். ஆனால் பதில் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும்.