ஆமை இருந்த பாரம்

இனி இந்த வீட்டில் எந்தப் பிராணியும் புத்தகத்துக்குள் சாகக்கூடாது. பைண்டர் அப்படி முடிவெடுத்துவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

அவருக்கு அச்சகத்தில் வேலை. அச்சான தாள்களை மடிப்பார், தைப்பார், முதுகில் பசை தடவுவார், அட்டை போடுவார். இதுவரை அவர் தைத்த புத்தகங்களை அடுக்கினால் ஒரு தெருவையே மறித்துவிடலாம். படித்தது எத்தனை? ஒன்றே ஒன்று. அதுவும் போன மாதம்தான், மகள் வாண்டுவோடு உட்கார்ந்து. மூன்று பிள்ளைகள் ஒரு தீவையே முதுகில் சுமக்கும் ஆமைமேல் ஏறிக்கொண்டு, திருடுபோன காற்றைத் தேடிப் போகிற மாயக்கதை. அந்த முதல் பாகத்தின் கடைசியில் ஒரு தவளை செத்துப்போனது. பெரிய தவளைகூட இல்லை. மொத்தக் கதையிலும் நாலு வரி பேசியிருந்தால் அதிகம். அதற்கே வீடு இரண்டு நாள் துக்க வீடாக இருந்தது.

இப்போது இரண்டாம் பாகம் வந்துவிட்டது. வாங்கி வந்த மனைவி அதை அவர் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைப்பவள் அவள். எதையும் அளந்துதான் பேசுவாள்.

"என்னங்க, இதுக்கு ஒரு கெட்டி அட்டை போட்டுக் கொண்டாங்க. அட்டை மட்டும்."

"வேற என்னத்த செய்யப்போறேன்?"

"அதான் சொன்னேன். அட்டை மட்டும்."

அச்சகத்தில் சாப்பாட்டு வேளை. சும்மா புரட்டினார். புரட்டியவர் படித்தார். படித்தவர் சாப்பிட மறந்தார். மாலைக்குள் முக்கால் புத்தகம் ஓடிவிட்டது. நெருப்பு ஆறு ஒன்று குகைக்குள் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு வருகிறது. அவர்கள் வெளியே ஓடியதும் ஆமை குகை வாயில் போய் உட்கார்ந்தது, தன் உடம்பையே கதவாக்கி. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு வெளியே நீட்டவே இல்லை.

பைண்டர் டப்பென்று புத்தகத்தை மூடினார். பசை வாளி மங்கலாகத் தெரிந்தது.

"என்னண்ணே, கண்ணுல பசையா?" என்றான் அச்சு மிஷின் ஓட்டுகிறவன்.

"ஆமாப்பா. புதுப் பசை. ரொம்பக் காரம்."

வீட்டில் வாண்டு சுவர் முழுக்க ஆமை வரைந்து வைத்திருக்கிறாள். குடை பிடித்த ஆமை, மூக்குக்கண்ணாடி போட்ட ஆமை, அப்பாவின் சட்டையை மாட்டிய ஆமை. இது செத்ததென்று தெரிந்தால் பிள்ளை அப்புறம் எந்தப் புத்தகத்தையாவது தொடுவாளா? அதுதான் அவர் பயம்.

பக்கத்தைக் கிழிக்கலாம். ஆனால் கிழித்தால் அதன் ஜோடிப் பக்கம் ஆடும். ஒரு பைண்டருக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை. எடுத்தால் முழுப் பாரமாகத்தான் எடுக்க வேண்டும். பெரிய தாளை மடித்த பதினாறு பக்கக் கட்டு ஒன்றுக்குப் பாரம் என்று பெயர். நூலை அறுத்தார், ஆமை இருந்த பாரத்தை உருவினார். அடுத்த பாரத்தின் முதல் வரியை மட்டும் பார்த்தார். 'எல்லாரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.' எல்லாரும்! அது போதாதா? பக்க எண் குதிக்கும். மாயக்கதைதானே, குதித்தால் என்ன? திரும்பத் தைத்து, பசை தடவி, கெட்டி அட்டையும் போட்டுவிட்டார். மிச்சக் கதையைப் படிக்க அவருக்கு மனசில்லை.

மனைவி புத்தகத்தை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"தையல் புதுசா இருக்கே?"

"பழசு தொளதொளன்னு இருந்துச்சு."

"நேத்து வாங்குன புத்தகம்."

"அதான் சொல்றேன். இப்பல்லாம் யாரு ஒழுங்கா தைக்கிறா?"

"உங்களை மாதிரி வருமா!" என்றாள். பைண்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அப்ப நீங்களே அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க."

நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் இறங்கியது.

தினம் சாயங்காலம் படிப்பு நடந்தது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அந்த இடம் வந்துவிட்டது. பைண்டர் ஒரே மூச்சில் குகையிலிருந்து கரைக்குத் தாவினார்.

"அப்பா, நில்லுங்க. இப்பத்தான் குகைக்குள்ள இருந்தாங்க. எப்படிக் கரைக்கு வந்தாங்க?"

"வேகமா வந்துட்டாங்க."

"ஆமை மேலயா?"

"ஆமா."

"வேகமாவா?"

"அன்னிக்கு இறக்கமா இருந்துச்சு."

தையல் மிஷின் நின்றது. "நெருப்பு என்ன ஆச்சுங்க?"

"அணைஞ்சுபோச்சு."

"எப்படி?"

"மழை."

"குகைக்குள்ளயா?"

"ஒழுகுற குகை! உனக்கெதுக்கு அதெல்லாம்? நீ துணியைத் தை."

அவள் தைக்கவில்லை. துணிக் குவியலுக்கு அடியில் கையை விட்டு ஒரு தாள் கட்டை உருவினாள். பதினாறு பக்கம். பைண்டருக்கு வேர்த்துவிட்டது.

"நாலு நாளா உங்க சாப்பாட்டுப் பையிலயே கிடந்துச்சு. தினம் அந்தப் பையைக் கழுவுறது யாரு?"

"ஏம்மா, பிள்ளை முன்னாடி வேண்டாம்மா! அது தாங்காது!"

"எந்தப் பிள்ளை?" என்றாள் மனைவி. "தவளை செத்ததுக்கு ரெண்டு நாள் சாப்பிடாம குப்புறப் படுத்துக் கிடந்ததே, அந்தப் பிள்ளையா?"

பைண்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் அவர் சட்டையை மாட்டிய ஆமை அவரைப் பார்த்தது.

"அப்பா, நான் இதை ஸ்கூல் லைப்ரரியிலயே படிச்சு முடிச்சுட்டேன்," என்றாள் வாண்டு.

"அப்புறம் எதுக்குடி என்னைப் படிக்க வச்சே?"

"நீங்க முழுசாப் படிக்கலையே, அதான்."

பாரத்தை அவர் மடியில் வைத்தார்கள். வேறு வழியில்லை. படித்தார். ஆமை தலையை இழுத்துக்கொள்கிற இடத்தில் அவர் குரலும் கூடவே உள்ளே போய்விட்டது. வாண்டு ஒரு துண்டுத் துணியை நீட்டினாள். முன்னாடியே எடுத்து வைத்திருந்தாள்.

"திருப்புங்க," என்றாள் மனைவி.

"முடியாது."

"அட, திருப்புங்கன்னா!"

வாண்டுவே திருப்பினாள். நெருப்பு ஆறிப்போய், பிள்ளைகள் திரும்பி வந்து ஓட்டின்மேல் தலை வைத்து அழுகிறார்கள். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். ஹச்! புகை மூக்கில் ஏறிவிட்டதாம். தும்மிக்கொண்டே ஆமை தலையை நீட்டியது. அந்தத் தும்மலில் திருடுபோன காற்றில் பாதி வெளியே வந்துவிட்டது.

பைண்டர் அந்த ஒரு பக்கத்தையே நாலு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஒரே பாரத்துல செத்து, அதே பாரத்துல பிழைச்சிருக்கு!"

"நீங்க பாதி படிச்சுட்டுக் கத்தியைத் தூக்கினா, ஆமை என்ன பண்ணும்?"

மறுநாளே பாரத்தை அதன் இடத்தில் வைத்துத் தைத்தார். அன்றிலிருந்து அச்சகத்தில் தைக்க வருகிற புத்தகங்களையும் ஓரக்கண்ணால் படிக்க ஆரம்பித்துவிட்டார். வேலை கொஞ்சம் மெதுவாகிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று வாண்டுவை அரித்துக்கொண்டே இருந்தார்.

வந்தது. வேலையிலிருந்து திரும்பியவர் கையில் மனைவியே கொண்டுவந்து கொடுத்தாள். வாண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அட்டையெல்லாம் போட்டாச்சு. நீங்க சும்மா உக்காந்து படிங்க."

பைண்டர் புத்தகத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். நடுவில் ஓடியது நீல நூல், வாண்டுவின் பள்ளிப் பாவாடைக்குப் போடுகிற அதே நூல்.

ஒரு பாரம் குறைந்தது.