சராசரிக்கு வந்த சந்தேகம்

நறுக்கிய காகிதத்தை மறுபடி ஒட்டிச் சேர்க்க முடியாது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை பதிவேட்டு அறையின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாக்கிலிருந்து ஒவ்வொரு கீற்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கீற்றில் பாதி ஏழு இருந்தது. இன்னொன்றில் யாருடைய பெயரோ இருந்தது, முதல் எழுத்து மட்டும்.

நறுக்கியவரும் அவரேதான்.

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் நாற்பத்தெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கம்பவுண்டர் அவர்களை வரிசையாக உட்காரவைத்து நாடி பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். பதிவேட்டு எழுத்தரான இவர் அந்தத் தாளை மூன்று எண்களாகச் சுருக்குவார். எத்தனை பேர், சராசரி என்ன, அந்தச் சராசரியிலிருந்து ஆட்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று சொல்லும் விலக்கம். சுருக்கியதும் தாளை இயந்திரத்துக்குள் விட்டு நறுக்கிவிடுவார். அலமாரியில் இடம் மிச்சம். நாற்பத்தெட்டு ஆட்களை ஒரே வரியில் படுக்கவைக்கத் தெரிந்தவர் என்பதால் அவருக்குச் 'சராசரி' என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேரே 'சராசரி சார்' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

திங்கட்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் பொருத்திய பெரிய கம்ப்ரஸரின் அதிர்வு ஊழியர்களின் இதயத்தைப் பாதிக்கிறதோ என்று அங்கே யாருக்கோ சந்தேகம். ஏழு ஆண்டுகளில் நாடித்துடிப்பில் ஏதேனும் போக்கு தென்படுகிறதா, ஆம் அல்லது இல்லை. அட்டவணையை இணைத்து வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும். 'ஆம்' என்றால் கம்ப்ரஸர் நிற்கும். கம்ப்ரஸர் நின்றால் கிடங்கை மூடிவிடுவார்கள். கிடங்கு மூடினால், பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவர் மகளுக்குப் பள்ளி முடிய இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. அவருக்கும் வேறு இடத்தில் வேலை கிடைக்கும் வயது தாண்டிவிட்டது.

தாள்கள் இல்லை என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, ஒரு வாரம் தங்க வந்திருந்த மச்சினியிடம் அதைச் சொன்னார். அவள் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள்.

"மூலத்தாள் இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?" என்று கேட்டார், முடியாது என்ற பதிலை எதிர்பார்த்து.

"சொல்லலாம் அத்தான். எந்த வருஷத்தை எவ்வளவு நம்பலாம்னு ஆள் எண்ணிக்கையும் விலக்கமுமே சொல்லிடும். அதுக்கேத்த மாதிரி கனம் குடுத்து ஏழு சராசரிக்கும் நடுவுல ஒரு கோடு போட்டா போதும். கோடு சாய்ஞ்சிருந்தா போக்கு இருக்கு. படுத்திருந்தா இல்ல."

தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, அவர் கையோடு கொண்டுவந்திருந்த அட்டவணையை வாங்கி அவளே போட்டாள். எழுபத்து நான்கு புள்ளி ஒன்று, எழுபத்து மூன்று புள்ளி ஒன்பது, எழுபத்து நான்கு, மறுபடி எழுபத்து நான்கு. கோடு அசையாமல் படுத்திருந்தது. இவர் பெருமூச்சு விட்டு, இன்னொரு தடவை பரிமாறச் சொன்னார். மனைவி பரிமாறினாள்.

மச்சினியின் பென்சில் மட்டும் மேசையை விட்டு எழவில்லை. அது விலக்கம் எழுதிய மூன்றாவது வரிசையில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பதினொன்று, ஒன்பதரை, எட்டு, ஆறரை, நான்கரை, மூன்று, ஒன்று. அடிவரை போய் நின்றது. பின்னால் கிடங்கின் கம்ப்ரஸர் முனகுவது சமையலறை வரை கேட்டது.

"சராசரி நகரல அத்தான். விலக்கம் சுருங்கிட்டே வருது."

"அப்படின்னா?"

"நாப்பத்தெட்டுப் பேரும் நடுவுல வந்து ஒட்டிக்கிட்டிருக்காங்க."

"அடுத்த வருஷம் மைனஸ்ல போயிடுமா?"

"மைனஸ்ல போகாது. பூஜ்யத்துல நின்னுடும்." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "எல்லாருக்கும் ஒரே நாடி."

மனைவி சிரித்தாள். அவர்கள் இருவரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கேட்டது போக்கு உண்டா என்றுதான், சராசரியில் மட்டும் உண்டா என்று கேட்கவில்லை. அட்டவணை கடிதத்தோடு போகிறது. அவள் ஐந்து நிமிடத்தில் கண்டதை அங்கே ஒருவன் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பான். சராசரி அன்று மாலைவரை அட்டவணையோடு மல்லுக்கட்டினார். முதல் ஆண்டு கம்ப்ரஸர் புதிது, அதைச் சேர்க்க வேண்டாம் என்று விட்டுப் பார்த்தார். மிச்சம் ஆறும் இன்னும் நேராக இறங்கின. கடைசி ஆண்டை விட்டார். அப்போதும் அப்படித்தான். எதைப் பிடுங்கினாலும் மீதி இன்னும் ஒழுங்காக நின்றது, வரிசை கலைந்ததும் விலகாமல் நெருங்கி நிற்கும் கூட்டம் மாதிரி.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. புதிதாக ஒரு பத்துப் பேரை அளந்து, தாறுமாறாக வந்திருக்கும் எண்களைச் சேர்த்துவிட்டால் விலக்கம் மேலே ஏறும். கம்பவுண்டர் சொந்த வேலையாக விடுப்பில் இருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். நாடி பார்ப்பதில் என்ன பெரிய வித்தை என்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவரே உட்கார்ந்தார்.

முதல் ஆளுக்கு எழுபத்து நான்கு. இரண்டாவது ஆளுக்கும் எழுபத்து நான்கு. மூன்றாவது வந்தவன் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவன். அவனுக்கும் எழுபத்து நான்கு. ஐந்தாவது ஆளுக்கு வலது கையை விட்டு இடது கையைப் பிடித்தார். ஏழாவது ஆளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணி, நிமிடம் முடிந்தது என்று அவனையே சொல்லச் சொன்னார். பத்துப் பேர் முடிந்தபோது, ஏழாண்டாகத் தலைமை அலுவலகம் காணாத ஒன்றை அவர் தன் கையாலேயே உண்டாக்கியிருந்தார். அடுத்த ஆண்டு வரவேண்டிய பூஜ்யம் இந்த ஆண்டே வந்துவிட்டது.

மத்தியானம் இதைக் கேட்ட மச்சினி, நாற்காலி வழியாக வரும் கம்ப்ரஸரின் அதிர்வைத்தான் அவர் எண்ணியிருப்பார் என்றாள். அவருக்கு உயிர் வந்தது. புதன்கிழமை எலக்ட்ரீஷியனையும் ஸ்டோர் கீப்பரையும் பதிவேட்டு அறைக்குக் கூட்டிவந்தார். கிடங்கிலேயே ஒல்லி எலக்ட்ரீஷியன். ஸ்டோர் கீப்பர் உட்கார்ந்தால் நாற்காலி ஒரு வார்த்தை பேசும். ஐந்து நிமிடத்துக்குக் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வா என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சராசரி சார் சொன்னால் அதில் ஏதோ கணக்கு இருக்கும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை.

முனகல் நின்றது. ஏழாண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போனதும் அறை சட்டென்று பெரிதானது போலிருந்தது. சராசரி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கையாக இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தார்.

"வீட்ல தெரியுமா சார் இது?" என்றான் எலக்ட்ரீஷியன்.

"பேசாம இருடா," என்றார் ஸ்டோர் கீப்பர். "கல்யாணமாகி இருபது வருஷத்துல இவ்வளவு நேரம் என் கைய யாரும் புடிச்சதில்ல."

எழுபத்து நான்கு. எண்ணிக்கைகூடப் பெரிதில்லை. வலது கைக்குள் ஒன்று தட்டும்போதே இடது கைக்குள்ளும் தட்டியது. ஒன்று முந்தட்டும், ஒன்று பிந்தட்டும் என்று காத்திருந்தார். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில், ஒரே ஆளின் இரண்டு கைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

எலக்ட்ரீஷியனை மூன்று மாடி ஓடி ஏறி இறங்கச் சொன்னார். அவன் நாக்குத் தள்ள, சட்டை முதுகோடு ஒட்ட வந்து விழுந்தான். மூச்சு விசிலடித்தது. மணிக்கட்டுக்குள் மட்டும் அவசரமே இல்லை. எழுபத்து நான்கு. ஸ்டோர் கீப்பருடையதோடு ஒன்றாக. அப்போதுதான், பிடித்துக்கொண்டிருக்கும் தன் விரல் நுனிகளிலும் நாடி ஓடும் என்பது அவருக்கு நினைவு வந்தது. மூன்றாவதாக ஒன்று வேறு மாதிரித் துடிக்கும் என்று எதிர்பார்த்தார். வெகுநேரம் எதிர்பார்த்தார்.

ஐந்து நிமிடம் இருபது நிமிடமாகியிருந்தது. கீழ்க்கிடங்கில் பனி உருகிச் சொட்டத் தொடங்கி, மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று பேர் கை கோத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றார்.

"ஏங்க, அவங்க மூடறதுக்கு முன்னாடி நீங்களே மூடிருவீங்க போலிருக்கே," என்றார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் காகிதம் தன் மேசைக்கு வராவிட்டால், சொட்டிய தண்ணீரைப் பற்றியும் தனியாக ஒரு கடிதம் போகும் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை சராசரி வேலைக்குப் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஷிப்டு முடிந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் குடையைச் சுழற்றிக்கொண்டு போனார். ஒருவர் செருப்பு அறுந்து காலை இழுத்துக்கொண்டு போனார். எல்லோரையும் ஒரே வரியில் எழுதி எழுதி, தான்தான் இவர்களை இப்படி ஆக்கிவிட்டோமோ என்று ஓர் எண்ணம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அது எழுந்து போகவில்லை.

மனைவி வந்து முன்னால் கையை நீட்டினாள். "ஊர்ல உள்ளவன் கையெல்லாம் புடிச்சாச்சு. என் கைய மட்டும் பாக்கல."

பிடித்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இருபதுவரை எண்ணிவிட்டு விட்டுவிட்டார்.

"என்ன, உயிரோட இருக்கேனா?"

"இருக்க," என்றார். அதற்கு மேல் எண்ண அவருக்குத் துணிச்சல் இல்லை.

அவள் போன பிறகு மச்சினி வந்து உட்கார்ந்தாள். தான் திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டதாகச் சொன்னாள். "சுருக்கின எண்ணை வச்சு எதை வேணா கண்டுபிடிக்கலாம் அத்தான். முதல்ல எழுதின கம்பவுண்டர் அளந்தாரான்னு மட்டும் கண்டுபிடிக்க முடியாது."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டுப் பேருக்கு நாடி புடிக்கறது சலிப்பான வேலை. முதல் வருஷம் ஒழுங்கா புடிச்சிருப்பாரு. அடுத்த வருஷம் பாதிப் பேரு. அப்புறம் உக்காந்த இடத்துலயே எழுபத்திநாலு, எழுபத்திநாலுன்னு எழுதித் தள்ளியிருப்பாரு. விலக்கம் சுருங்காம என்ன செய்யும்?"

அப்படியானால் தான் எண்ணியது என்ன என்று கேட்டார். நான்கு நாளாக வேறு நினைப்பே இல்லாதவர் விரலுக்கு எழுபத்து நான்கைத் தவிர வேறென்ன தட்டும் என்றாள். அவர் அதை நம்பினார். நம்பாவிட்டால் வேறு போக்கில்லை.

வெள்ளிக்கிழமை காலை கம்பவுண்டர் வந்து கோட்டை மாட்டி முடிப்பதற்குள் சராசரி மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கம்பவுண்டர் சத்தம் போட்டுப் பேசாதவர். மாத்திரையை எண்ணும்போதுகூட உதடு அசையாது. சராசரி அட்டவணையையும் தலைமை அலுவலகத்தின் தாளையும் அவர்முன் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னார். தாளில் 'ஆம்' என்று எழுதினால் நாற்பத்தெட்டுக் குடும்பம் வெளியே போகும் என்றார். எண்கள் அளந்தவை அல்ல என்று கம்பவுண்டர் இரண்டு வரி எழுதிக்கொடுத்தால் போதும், அவர் வேலைக்கு ஒன்றும் ஆகாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எழுதினதெல்லாம் உண்மைதானா?"

கம்பவுண்டர் ஸ்டெதாஸ்கோப்பை மடித்தார். அவிழ்த்து மறுபடி மடித்தார். சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் முனகிக்கொண்டிருந்தது.

"பொய்தான் சார்," என்றார். "தப்புதான். மன்னிச்சிருங்க."

சராசரி நாற்காலியில் சாய்ந்தார். எலக்ட்ரீஷியனுக்கு எலக்ட்ரீஷியனின் நெஞ்சு திரும்பக் கிடைத்துவிட்டது. ஸ்டோர் கீப்பருக்கு ஸ்டோர் கீப்பருடையது. குடை சுழற்றினவருக்கும் செருப்பு அறுந்தவருக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. வீட்டுக்குப் போய் மனைவியின் கையைப் பிடித்து இருபத்தொன்றிலிருந்து எண்ணலாம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க வாய்விட்டுச் சிரித்தார். கம்பவுண்டரின் தோளைத் தட்டினார். பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக்கொண்டே, எழுத்தருக்கே உரிய ஒழுங்கோடு ஒன்று மட்டும் கேட்டுவைத்தார்.

"எந்த வருஷத்துலேர்ந்து அளக்காம விட்டீங்க?"

கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அளக்காம விட்டதே இல்ல சார். போக்கு ஒண்ணும் இல்லைன்னு நீங்க தைரியமா எழுதலாம். முதல் வருஷத்துலேர்ந்தே எல்லாருக்கும் எழுபத்திநாலுதான் வந்துச்சு, நீங்க நம்ப மாட்டீங்கன்னு ஆளாளுக்குக் கூட்டிக் குறைச்சு நான்தான் எழுதினேன், போகப் போக எனக்கே அலுத்துப்போச்சு."