கலெக்டர் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும்

மஞ்சக்குட்டை,
வியாழக்கிழமை.

எட்டாம் வகுப்பு ஆசிரியை பிரிஸ்கில்லா அவர்களுக்கு, தங்களிடம் படிக்கும் சிவசக்தியின் தகப்பன் அங்கப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும். மலையில் மழை விட்டபாடில்லை, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

ஜூன் மாதம் தாங்கள் என் மகளை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, "இவதான் நம்ம ஸ்கூல் கலெக்டர்" என்று சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அன்று சாயங்காலமே பள்ளி விட்டு வரும் ஜீப்பில் பிள்ளைகள் அவளை முன் சீட்டில் தனியாக ஏற்றிவிட்டு, பின்னால் நெருக்கியடித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்களாம். பக்கத்து ஊட்டு வேலம்மாள், "கலெக்டரம்மா, எங்க தெருவுக்கு லைட்டு போட்டுக் குடுங்க" என்று மனுவே கொண்டுவந்துவிட்டார். விளையாட யாரும் கூப்பிடுவதில்லை. நானாவது சும்மா இருந்தேனா? படிப்பு கெடுமென்று டிவியை நிறுத்தினேன், பாத்திரம் கழுவ விடவில்லை, அவளோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டேன். அவள் அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவள் உள்ளே புத்தகத்தோடு, நான் வெளியே ஆட்டோடு. ஆடு நல்ல ஆடுதான், ஆனால் பதில் சொல்லாது.

இப்படியிருக்க, போன வாரம் அரிசி டப்பாவுக்குள் காலாண்டுக் கணக்குத் தாள் அகப்பட்டது. நூற்றுக்குப் பதினொன்று. "என்ன சாமி இது?" என்றேன்.

"ஜூன்லேருந்தே இயற்கணிதம் புரியலைங்கப்பா. கலெக்டரே போய் டவுட்டு கேட்டா சிரிப்பாங்க."

தாங்களோ, "காய்ச்சலோட எழுதியிருப்பா, பாவம்" என்று தாளைக் கொடுத்துவிட்டீர்களாம். அவளுக்குக் காய்ச்சலே இல்லைங்க.

அதோடு போகவில்லை. தாங்கள் கடைசி பெஞ்சில் வைத்து 'மக்கு' என்று கூப்பிடும் அபிஷா பரீட்சையில் இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அறுபத்திரண்டு வாங்கிவிட்டாள். கலெக்டரைப் பார்த்து எழுதினாள் என்று இரண்டு நாள் வெளியே நிறுத்தினீர்கள். டீச்சர், நான் பத்தாவதில் கணக்கில் பெயிலானவன். இருந்தாலும் கேட்கிறேன், பதினொன்றைப் பார்த்து எழுதினால் அறுபத்திரண்டு எப்படிங்க வரும்?

என் மகள் அன்று வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பதினொன்று வெளியே தெரிந்துவிடும். வகுப்பில் அவளோடு சாதாரணமாகப் பேசியது அபிஷா ஒருத்திதான். அவளும் மூன்றாம் நாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு செம்மநத்தத்தில் அவர்கள் ஊட்டுக்குப் போனேன். அபிஷாவின் அம்மா செல்வமேரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. "ஏனுங்க, எம்புள்ள நாலு மாசமா விடியக்காலம் எந்திரிச்சுப் படிச்சு வாங்குன மார்க்குங்க அது. மக்குன்னு பேரு வெச்சுட்டா கணக்கு வரக்கூடாதுங்களா?" என்றார். சிவசக்தி தன் தாளை எடுத்து அபிஷாவிடம் நீட்டினாள். அபிஷா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"ஏழாவது கணக்குல மைனசை உட்டுட்டே."

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் தரையில் கவிழ்ந்து படுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள் சிரித்ததை நான் நொம்ப நாளைக்கு அப்புறம் கேட்டது அங்கேதான்.

ஆகவே பட்டத்தை வாங்கிக்கொண்டு, என் மகளுக்குக் கடைசி பெஞ்சில் அபிஷா பக்கத்தில் ஓர் இடம் தரவும். அறுபத்திரண்டும் அபிஷா சொந்தமாக வாங்கியது என்று வகுப்பறிய சொல்லவும். தங்கள் குடும்பத்தை எந்தக் குறையும் அண்டாமல் ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் கோபம் இல்லாத,
அங்கப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஜீப் டிரைவர் ரொனால்ட் வந்து சேதி சொன்னார். சிவசக்தியே இன்று வகுப்பில் எழுந்து நின்று தன் மார்க்கைச் சொல்லிவிட்டாளாம். தாங்கள் பள்ளி விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க அபிஷா ஊட்டுக்கே போனீர்களாம். எனவே மேலே எழுதியதைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. மகள் இன்று அங்கேயே தங்குகிறாளாம். சந்தோஷம். வீட்டில் இன்று நானும் ஆடும் மட்டும்தான். பெற்றோர் கூட்டம் எப்போது வைப்பீர்கள் என்று மட்டும் தெரிவிக்கவும். எந்த நாளானாலும் சரி, நான் முதல் ஜீப்புக்கே வந்துவிடுவேன்.